பஸ் ஸ்டாப் வரை நடந்த கால்கள்: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு விரிவான பதில்

மதுரையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். மெடிக்கல் கோடிங் வேலை, காலை 9 முதல் மாலை 6 வரை, 2020லிருந்து வீட்டில்தான். எடை 9 கிலோ கூடிவிட்டது. ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6.0 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை. மூன்று முறை காலை 5 மணிக்கு எழுந்து 10,000 அடி நடப்பது என்று ஆரம்பித்து, மூன்று முறையும் இரண்டு வாரத்துக்குள் நின்றுவிட்டது. "எப்படித் தொடர்வது? எட்டு போடுவது (8 வடிவத்தில் நடப்பது) நல்லதா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?" இவைதான் கேள்விகள்.

நான் இதே ஊரில் 16 வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இடுப்புவலி, குதிகால் வலி என்று வருகிறவர்களில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் 2020க்குப் பிறகு மிகவும் கூடிவிட்டார்கள். அவர்களிடம் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

போன வருடம் ஒருவர் இடுப்புவலியோடு வந்தார். சென்னையில் ஓஎம்ஆரில் வேலை பார்த்தவர், கொரோனாவில் ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். "மேடம், நான் என்னைக்குமே எக்சர்சைஸ் பண்ணினது இல்ல. அப்ப வராத வலி இப்ப மட்டும் ஏன் வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போனில் அடி எண்ணும் கணக்கைத் திறந்து பின்னால் தள்ளச் சொன்னேன். பழைய கணக்கெல்லாம் அழியாமல் இருந்தது. 2019 செப்டம்பரில் ஒரு வாரம்: 6,200, 5,900, 6,700. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2,000. அப்புறம் போன வாரத்தைப் பார்த்தோம்: 1,300, 1,100, 1,450. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், இறங்கிய இடத்திலிருந்து கேட், கேட்டிலிருந்து பிளாக், கேன்டீன், டீக்கு ஒரு தடவை கீழே, மீட்டிங் என்று இரண்டு மாடி மேலே. நடைப்பயிற்சி என்று ஒரு நாளும் கிளம்பாத மனிதர் தினமும் நான்கு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். அவருக்கே அது தெரியாது.

உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. உடற்பயிற்சி எதையும் நீங்கள் கைவிடவில்லை. போய் வருவது நின்றுபோனது. அதனால் போனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால், நடையை மறுபடியும் "போய் வருவதாக" ஆக்க வேண்டும். எங்காவது போக வேண்டும், எதற்காகவாவது போக வேண்டும், அது உங்கள் வேலை நாளோடு ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் 5 மணி நடை எதோடும் ஒட்டாமல் தனியாக நின்றது. தனியாக நிற்கும் எதுவும் வீட்டில் விருந்தாளி வந்த முதல் நாளே போய்விடும்.

இதில் ஒரு பழைய ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953ல் வெளியிட்டார். ஒரே டபுள் டெக்கர் பஸ், ஒரே ஷிப்ட், ஒரே மாதிரிக் குடும்பங்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடம்புக்காக நடக்கவில்லை, டிக்கெட் கிழிக்க நடந்தார்கள். 2020ல் நம்மில் பலர் ஒரே நாளில் கண்டக்டர் சீட்டிலிருந்து டிரைவர் சீட்டுக்கு மாறிவிட்டோம். நானும்தான். கிளினிக்கை மூடிவிட்டு வீடியோவில் நோயாளிகளைப் பார்த்த அந்த ஏழு மாதத்தில் எனக்கே மாடி ஏறினால் மூச்சு வாங்கியது.

சரி, உங்கள் நாளில் எங்கே வைப்பது என்று பார்ப்போம். மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது, லாகின் செய்வதற்கு முன்னால். பிள்ளைகள் இருவரையும் 8 மணிக்கு வேனில் ஏற்றிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே தெருவில்தான் நிற்கிறீர்கள். அங்கிருந்து திரும்பி வீட்டுக்குள் மட்டும் வராதீர்கள். வந்தால் சிங்கில் பாத்திரம் கிடக்கும், வாஷிங் மெஷின் கூப்பிடும், மாமியார் ஒன்று கேட்பார். அப்புறம் வெளியே போக முடியாது. வேன் கிளம்பியதும் அப்படியே நடங்கள். 15 நிமிடம் போய், 15 நிமிடம் திரும்பி, நேராக வந்து லாகின். அதாவது ஆபீசுக்குப் போகிறீர்கள், ஆபீஸ் உங்கள் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு ஒரே நிபந்தனை, வேனுக்குப் போகும்போதே ஷூவும் சாவியும் தயாராக இருக்க வேண்டும். நைட்டியோடு துப்பட்டா போட்டுக்கொண்டு ஓடி வந்து டாட்டா காட்டினால் அன்றைய நடை முடிந்தது. இந்த ஒரு மாற்றம்தான் பெரியது: 7.50க்கு சுடிதாரும் ஷூவும் மாட்டியிருப்பது. அதுவரைக்கும்தான் நீங்கள் பழக வேண்டியது. மற்றதைக் கால் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, 6 மணிக்கு லாக்அவுட் ஆனதும். இங்கே ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டுச் சாமானில் ஒரே ஒரு பொருளை மட்டும் ஆன்லைனில் வாங்குவதை நிறுத்துங்கள். தினமும் தேவைப்படுவதாக அது இருக்க வேண்டும்: பால், தயிர், கறிவேப்பிலை மல்லித்தழை, பூ, எதுவானாலும். தெருமுனைக் கடையை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி இருக்கிற கடையைப் பிடியுங்கள். ஆபீஸ் வீட்டுக்குள் வந்ததில் போனது நம் நடையில் பாதி என்றால், மீதிப் பாதியை வீட்டு வாசலுக்கு வரும் டெலிவரி எடுத்துக்கொண்டது. இன்னொரு லாபமும் உண்டு. வேலை முடிந்த மண்டையோடு நேராக அடுப்படிக்குள் போவதற்கும், பத்து நிமிடம் வெளிக்காற்று பட்டுவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே பிள்ளைகள் உங்கள் குரலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. உங்கள் ரிப்போர்ட்டுக்கு இதுதான் முக்கியம், விடவே விடாதீர்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 சர்க்கரை உள்ள 41 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2016ல் வெளிவந்தது. ஒரு கட்டத்தில் தினமும் எப்போதாவது 30 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு கட்டத்தில் அதையே பிரித்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, பிரித்து நடந்தபோது சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். காரணம் எளிது. நடக்கும்போது கால் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் இரவு 9 மணிக்கு நான்கு தோசை, அப்புறம் சோபா, அப்புறம் படுக்கை. உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்பார்கள், உண்மைதான். அதனால் களைப்பு பிடிப்பதற்குள், கை கழுவிய கையோடு கிளம்ப வேண்டும். வேகமெல்லாம் வேண்டாம். வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே தெருவில் இரண்டு தடவை போய் வந்தால் போதும்.

ஹெச்பிஏ1சி 6.0 என்பது சர்க்கரை நோய் இல்லை. 5.7க்கும் 6.4க்கும் நடுவில் இருப்பதை முன்நிலை என்கிறோம். திரும்பிப் போக வழி இருக்கிற இடம் அது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு இந்த மாதிரி முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டைச் சீர்செய்து தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களில் அது 39 சதவீதம். நம் ஊர் ஆட்கள், நம் ஊர்ச் சாப்பாடு, மாத்திரை இல்லாமல் கிடைத்த பலன். அம்மாவுக்கு இருப்பதால் நமக்கும் வந்தே தீரும் என்று எழுதியிருந்தீர்கள். வந்தே தீரும் என்று இல்லை.

எடையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு மாதத்தில் மனசு விட்டுவிடுவீர்கள். அரை மணி நேரம் நடந்தால் 65 கிலோ உள்ளவருக்குச் செலவாவது 100 முதல் 140 கலோரி. ஒரு பரோட்டா அதைத் தாண்டிவிடும். அந்த 9 கிலோவை நடை மட்டும் இறக்கிவிடாது, தட்டிலும் கை வைக்க வேண்டும். அதனால் நடக்கத் தொடங்கிய முதல் மூன்று மாதம் எடை மெஷினில் ஏறாதீர்கள். தூக்கம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உள்ள கனம், மாடி ஏறும்போது மூச்சு, இவற்றைக் கவனியுங்கள். இவைதான் முதலில் மாறும்.

அப்புறம் அந்த 10,000. இது மருத்துவம் கண்டுபிடித்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965ல், யமாசா என்ற ஜப்பான் நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் "மான்போகெய்", அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். அந்தப் பெயரிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய இலக்கு அது. 2019ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களிடம் பார்த்தபோது, தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அவர்கள் வயதானவர்கள், உங்களுக்கு 36 வயது, எண் அப்படியே பொருந்தாது. ஆனால் ஒன்று பொருந்தும்: கீழ்மட்டத்திலிருந்து முதலில் ஏறும் இரண்டாயிரம், மூன்றாயிரம் அடிதான் அதிகம் கொடுக்கிறது. 1,500ல் இருப்பவர் 10,000 பார்த்து 4,000ல் நின்றால் "தோற்றுவிட்டேன்" என்று படுத்துவிடுகிறார். உண்மையில் அவர் பெரிய லாபத்தை அன்றே சம்பாதித்துவிட்டார்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் இப்போது எவ்வளவு நடக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்களுக்குப் போன் பாக்கெட்டில் இருக்கும். பெண்களுக்கு அது அடுப்படி மேடையிலோ சார்ஜரிலோ கிடக்கும், நாள் முழுக்க நடந்தாலும் 800 என்று காட்டும். டெய்லரிடம் கொடுத்து நான்கு சுடிதாரிலும் பக்கவாட்டில் ஒரு பை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற பெண்களுக்கு நான் சொல்வதிலேயே அதிகம் பலித்த யோசனை இதுதான். சராசரி தெரிந்த பிறகு அதோடு 1,000 கூட்டுங்கள். இரண்டு வாரம் நிலைத்தால் இன்னொரு 1,000.

வேகத்துக்கு ஒரு அளவு உண்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி. காலை நடை அந்த வேகத்தில் இருந்தால் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். முன்பு, ஒரு தடவை நடந்தால் 10 நிமிடமாவது தொடர்ச்சியாக இருந்தால்தான் கணக்கு என்று வைத்திருந்தார்கள். அந்த விதியையும் அப்போது எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்குத்தான்.

இடையில் உட்காரும் நேரத்தையும் உடைக்க வேண்டும். கோடிங்கில் டார்கெட் இருப்பது எனக்குத் தெரியும். மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தாலே கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடும். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற டீம் மீட்டிங்கை ஹாலில் நடந்துகொண்டே கேளுங்கள். ரோட்டில் வேண்டாம். மேஜைக்கு அடியில் போடுகிற வாக்கிங் பேட் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மூன்று மாதம் வெறும் தரையில் நடந்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

எத்தனை நாளில் பழகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரைப் பார்த்தது. ஒவ்வொருவரும் ஒரு புதுப் பழக்கத்தை, தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு சேர்த்துக்கொண்டார்கள், "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்பதுபோல. தானாகவே செய்கிற நிலை வர, வரிசையில் நடுவில் இருந்தவருக்கு 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. உங்கள் மூன்று முயற்சியும் இரண்டு வாரத்தில் நின்றன. அவை தோல்வி இல்லை, வேர் பிடிப்பதற்கு முன்னாலேயே பிடுங்கிப் பார்த்தது. இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் தவறினால் பழக்கம் ஒன்றும் கெடவில்லை. காய்ச்சல், கல்யாணம், திருவிழா என்று இடைவெளி வரும். விட்ட நாளைச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாக நடக்க வேண்டாம், கால்தான் வலிக்கும். மறுநாள் வேன் வரும், நீங்கள் ஷூவோடு நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் வேன் வராது. அன்றைக்கு வீட்டோடு நம் ஊர் வண்டியூர் தெப்பக்குளம் போங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். காலையிலும் மாலையிலும் நடக்கிற கூட்டம் எப்போதும் இருக்கும், பெண்கள் தனியாக நடக்கவும் தயக்கம் இருக்காது. பிள்ளைகளுக்கு நடு மண்டபத்தைக் காட்டிக்கொண்டே இரண்டு சுற்று முடித்துவிடலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் 8 மணி நடையே சுடும். அந்த இரண்டு மாதமும் காலை நடையைப் பாதியாக்கி இரவு நடையை நீட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலை போய்விடும், மழை விட்ட நேரத்தில் மொட்டை மாடி இருக்கிறது. 30க்கு 20 அடி மாடியென்றால் ஓரமாகச் சுற்றி 35 சுற்று ஒரு கிலோமீட்டர். எண்ணுவதற்கு என் அம்மா செய்ததைச் சொல்கிறேன்: கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் 35 புளியங்கொட்டை வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மறுபக்கம் நகர்த்துவார். பாதியில் திசை மாற்றிக்கொள்ளுங்கள், ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் இடுப்பும் முட்டியும் ஒருபக்கமாக வலிக்கும்.

எட்டு போடுவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. சின்ன இடத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்ப அது நல்ல வழி. அதைத் தாண்டி எட்டு வடிவத்துக்குத் தனி மருத்துவ சக்தி எதுவும் இல்லை. தெரு இருந்தால் நேராகவே நடங்கள். திருப்பங்களில் வேகம் வராது. தலைசுற்றல் உள்ளவர்களும் முட்டித் தேய்மானம் உள்ளவர்களும் எட்டைத் தவிர்ப்பது நல்லது.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கி இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் வேண்டும். நடந்த ஓரிரு வாரத்தில், காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில் குதிகால் குத்தினால் அது பாதத்தின் அடித்திசு வலி. கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்பது அதைக் கூட்டும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மெத்தென்ற செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை 30 விநாடி நீட்டுவதைக் காலையும் மாலையும் மூன்று தடவை செய்யுங்கள். மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் நேரில் காட்டுங்கள்.

தெரு நாய்க்கு: ஓடாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் விலகுங்கள். இரவில் இயர்போன் ஒரு காதில் மட்டும்.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் காலை நடைக்கு அல்ல, இரவு நடைக்கு. உங்கள் வேகம் அவருக்கும் அவர் வேகம் உங்களுக்கும் ஒத்துவராது, இருவரில் ஒருவர் நின்றுவிடுவீர்கள். அவர் இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், நடக்கத் தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை வந்தால் உடனே போட்டுக்கொள்ள உங்கள் சுடிதார்ப் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். மதிய வெயிலில் கோயில் கல்தளத்தில் நடப்பதும் வேண்டாம். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் அவருக்குத் தெரியாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறது என்று சொன்னால் வாய்வு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தினமும் நடந்து வந்ததும் அவரை வாசல் திண்ணையில் உட்காரவைத்து, இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரை டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.